ஜூனி கல் விலங்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், அரிசோனா எல்லையை ஒட்டி ஜூனி புவெப்லோ என்றொரு ஊர். கேலப் நகரிலிருந்து தெற்கே சுமார் 60 கி.மீ. அங்கே வாழும் ஜூனி பழங்குடியினர் உள்ளங்கையில் அடங்கும் கல் விலங்குகளைச் செதுக்குகிறார்கள். கரடி, ஓநாய், கழுகு, தவளை என்று பல உருவங்கள். இணையக் கடைகளில் இவற்றுக்கு 'ஃபெட்டிஷ்', 'தாயத்து', 'ஷாமன் கல்' என்று ஆளுக்கொரு பெயர். வாங்க நினைப்பவர்களும், அமெரிக்காவிலிருந்து யாரோ பரிசாகக் கொண்டுவந்து கொடுக்க என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருப்பவர்களும் கேட்கும் கேள்விகள் கீழே.

ஜூனி என்பதற்கும் சூனியத்துக்கும் தொடர்பு உண்டா?

துளியும் இல்லை. தமிழில் சிலர் 'சூனி' என்று எழுதிவிடுவதால் வரும் குழப்பம் இது. அந்த மக்கள் தங்களை ஆஷிவி என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களுடைய மொழிக்கு வேறெந்த மொழியோடும் உறவு இருப்பதாக இதுவரை நிறுவப்படவில்லை, தன்னந்தனி மொழி.

வேடிக்கை என்னவென்றால், சூனிய வாடை உண்மையில் அடிப்பது 'ஃபெட்டிஷ்' என்ற சொல்லில்தான். மந்திரப் பொருள் என்று பொருள்படும் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்தது அது. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் கண்ட வழிபாட்டுப் பொருள்களுக்குப் போர்ச்சுகீசியர்கள் வைத்த பெயர், பிறகு உலகெங்கும் ஒட்டிக்கொண்டது. ஜூனி மொழியில் இவற்றுக்கு 'வெமாவே' என்று பெயர். வேட்டையாடும் விலங்குகள் என்ற பொருளில் வரும் சொல். இனி இங்கே 'கல் விலங்கு' என்றே சொல்வோம்.

ஏன் விலங்குகள்? ஏன் கல்லில்?

ஃபிராங்க் ஹாமில்டன் குஷிங் என்ற மானிடவியலாளர் 1879-இல் ஸ்மித்சோனியன் என்ற அமெரிக்க அருங்காட்சியக, ஆய்வு நிறுவனத்தின் குழுவோடு ஜூனிக்குப் போய், 1884 வரை அங்கேயே தங்கி, அவர்களுடைய வில் குருமார் (போர்க் குருமார்) சபையிலும் சேர்க்கப்பட்டார். அவர் 1883-இல் வெளியிட்ட கட்டுரையில் இதன் தொன்மக் கதை இருக்கிறது. உலகம் புதிதாக, ஈரமும் நடுக்கமுமாக இருந்த காலம். மனிதர்களைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்த விலங்குகளைச் சூரியனின் இரட்டைப் பிள்ளைகள் மின்னலால் அடித்துச் சுருக்கிக் கல்லாக்கிவிடுகிறார்கள். உடல் கல், உள்ளே இதயம் மட்டும் உயிரோடு. இனி மனிதனுக்குத் தீங்கு செய்யாமல் துணை செய் என்பது கட்டளை.

ஆகவே ஜூனி மரபில் எல்லாவற்றிலும் உயர்ந்தது யாரும் செதுக்காத கல். ஆற்றங்கரையிலோ குன்றடியிலோ இயல்பாகவே விலங்கு போலத் தெரியும் ஒரு கல் கிடைத்தால், அது அந்தக் காலத்தில் சுருங்கிய விலங்கே. கண்ணுக்கு இரண்டு புள்ளி, கால் பிரிய ஒரு கீறல், அவ்வளவுதான் கைவேலை. இன்று கடைகளில் ரோமம் ரோமமாகச் செதுக்கி வருவதைப் பார்த்து, 'வேலைப்பாடு கூடக்கூடப் புனிதம் கூடும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கணக்கு நேர் எதிர்.

எந்த விலங்கு எந்தத் திசை?

ஜூனிக்குத் திசைகள் ஆறு: நான்கோடு மேலும் கீழும். வடக்கு மஞ்சள், மலைச்சிங்கம். மேற்கு நீலம், கரடி. தெற்கு சிவப்பு, வளைக்கரடி. கிழக்கு வெள்ளை, ஓநாய். மேலே பல வண்ணம், கழுகு. கீழே கறுப்பு, அகழெலி.

இது காவல், மருத்துவம் சார்ந்த வரிசை. வேட்டைக்கான வரிசையில் மேற்கே கரடிக்குப் பதில் கயோட்டியும் (நரி போன்ற ஒரு காட்டு நாய்), தெற்கே வளைக்கரடிக்குப் பதில் காட்டுப்பூனையும் வரும். விற்பனை அட்டைகளில் இரண்டையும் கலந்து அடித்துவிடுகிறார்கள். தவளை, ஆமை, பாம்பு, ஆந்தை, மக்காச்சோளக் கன்னி எல்லாம் செதுக்கப்படுகின்றன; ஆனால் அவை இந்த ஆறில் சேரா. டைனோசரும் கிடைக்கும். அதற்கும் 'தொன்மை அர்த்தம்' எழுதி ஒட்டும் கடைகள் உண்டு.

வேட்டையில் இதை எப்படிப் பயன்படுத்தினார்கள்?

குஷிங் விவரிப்பது இது. குளிர்காலத்தில் சூரியன் வடக்கே திரும்பும் நாளை ஒட்டிக் கல் விலங்குகள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்து, இரவு முழுக்கப் பாட்டும் வேண்டுதலுமாக ஒரு சபை கூடும். வேட்டைக்குக் கிளம்புகிறவன் அவற்றைக் காப்பவரிடம் போய், வேண்டுதல் சொல்லித் தனக்குரியதை வாங்கிக்கொள்வான். தோல் பையில் போட்டு நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொள்வான்.

காட்டில் மானின் தடம் தெரிந்ததும் கல்லை எடுத்து அதன் மூக்கைத் தன் மூக்கருகே வைத்து மூச்சை ஆழ இழுப்பான். பிறகு மான் போன திசையில் அந்த மூச்சை ஊதி, வேட்டைக் குரல் எழுப்புவான். கொல்லும் விலங்கின் மூச்சு இரையின் இதயத்தைத் தளர்த்திவிடும் என்பது நம்பிக்கை. மான் விழுந்ததும் அதன் இரத்தத்தில் கல்லைத் தோய்ப்பது, வேட்டைக்குத் துணை வந்தவருக்குப் போடும் பங்கு. வேட்டை முடிந்தால் கல் திரும்பக் காப்பவரிடமே போய்விடும்.

அப்படியானால் இவை ஷாமன் பொருள்களா?

அப்படிச் சொல்வது பொருந்தாது. ஆவிகளின் துணையோடு நோய் தீர்ப்பவரைக் குறிக்கும் 'ஷாமன்', சைபீரியாவின் எவென்கி மக்களிடமிருந்து வந்த சொல். அமெரிக்காவில் இந்தச் சொல் ஓரளவு பொருந்துவது வடமேற்குக் கடற்கரையின் டிலிங்கிட் போன்றோருக்கு. அங்கே தனி ஒருவர் ஆவித் துணைகளைப் பெற்று, எலும்பிலும் கடல் விலங்குத் தந்தத்திலும் செதுக்கிய சிறு தாயத்துகளை உடையிலும் கழுத்திலும் அணிந்து நோய் தீர்ப்பார். ஜூனியில் மருத்துவம் சபைகளின் பொறுப்பு. உறுப்பினர் ஆவதற்கு முறைப்படி சேர்க்கப்பட வேண்டும். கல் விலங்குகளும் அந்தச் சபையின் ஒழுங்குக்குள் இருக்கும். நோய் தீர்க்கும் வேலையில் கரடிக்குத் தலைமை இடம். 'ஜூனி ஷாமன் ஆசீர்வதித்த கரடி' என்று விளம்பரம் வந்தால், அந்த ஒரு வரியே விற்பவருக்கு ஜூனியைத் தெரியாது என்பதற்குச் சான்று.

நான் கடையில் வாங்கியதற்குச் சக்தி உண்டா?

விற்பனைக்கென்று செய்தவை சிற்பங்கள். சடங்கு எதுவும் அவற்றுக்கு நடப்பதில்லை. உருவமும் கல்லும் ஒன்றாகவே இருந்தாலும், வேண்டுதலும் சபையும் காப்பவரும் சேர்ந்தால்தான் ஜூனியைப் பொறுத்தவரை அது வெமாவே. பட்டறையில் செய்த கற்சிலையை யாரும் குடமுழுக்குக்கு முன் கும்பிடுவதில்லை அல்லவா? அது போல.

இதில் ஏமாற்றம் அடைய ஒன்றுமில்லை. லீக்யா டெயூசே (1889–1966) என்ற சிற்பி வணிகர்களுக்காகச் செதுக்கிய தவளைகளையும் கரடிகளையும் இன்று அருங்காட்சியகங்கள் வைத்திருக்கின்றன. கொழுத்த உடல், குட்டைக் கால், இரண்டே கீறலில் முடிந்துவிடும் முகம். ஜூனியில் பல்லாண்டுகள் கடை வைத்திருந்த வணிகர் சி. ஜி. வாலஸின் சேகரிப்பு 1975-இல் ஏலத்துக்கு வந்தபோது இந்தக் கலைக்குப் பெரிய கவனம் கிடைத்தது. நீங்கள் பணம் கொடுப்பது இந்தக் கைத்திறனுக்கு.

எப்படிச் செதுக்குகிறார்கள்?

முதல் வேலை கல்லைச் சோதிப்பது. சுத்தியால் லேசாகத் தட்டினால் நல்ல கல் 'டிங்' என்னும். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் மொத்தென்று அடங்கும். இன்னொரு வழி, கல்லை நீரில் நனைத்து உலர விடுவது. மேற்பரப்பு காய்ந்த பிறகும் மயிரிழை போல ஒரு கோடு கறுத்தே கிடந்தால் அங்கே விரிசல். இதைக் கவனிக்காமல் தொடங்கினால் கால்களைப் பிரிக்கும்போதோ காதைத் தீட்டும்போதோ துண்டு பிய்ந்து வந்துவிடும். பாதி நாள் வேலை போச்சு. அனுபவமுள்ளவர்கள் அப்போது கல்லைத் தூக்கி எறிவதில்லை. காது போன ஓநாய் அகழெலி ஆகிவிடும்.

வைரத்தூள் பதித்த வட்ட ரம்பத்தில் நீர் விட்டுக்கொண்டே கல்லைப் பலகையாக அறுக்கிறார்கள். உள்ளங்கை அளவு விலங்குக்கு 2 முதல் 4 செ.மீ. தடிமன் போதும். பக்கவாட்டு உருவத்தை வரைந்து, வெளிப்புறத்தை ரம்பத்தாலேயே கழித்து, சாணைச் சக்கரத்தில் உருட்டுகிறார்கள். மின்சாரம் வருமுன் இந்த வேலை முழுக்க மணற்கல்லில் தேய்த்தே நடந்தது. பழைய விலங்குகளின் வடிவம் மொழுக்கென்று எளிமையாக இருக்க அதுவும் ஒரு காரணம். இன்று கையடக்க டிரில்லில் வைர முனை மாட்டி வாய், விரல், ரோமம் வரை போகிறார்கள்.

கண்ணுக்கு 1 முதல் 1.5 மி.மீ. துளை. டர்க்காய்ஸ் (நம் கடைக்காரர்கள் பெரோசா என்னும் நீலக்கல்), ஜெட் (மரம் மக்கி உருவான கறுப்புக் கல்) அல்லது பவளத்தை மெல்லிய குச்சியாகத் தேய்த்து, பசை தொட்டுச் செருகி, மேற்பரப்போடு சமமாகத் தேய்த்துவிடுவார்கள். பிறகு உப்புத்தாள்: 220, 400, 600, வேண்டுமானால் 1200. ஒரு எண்ணைத் தாவினாலும் பாலிஷ் போட்ட பிறகு கீறல் பல்லிளிக்கும். திரும்பக் கீழ் எண்ணுக்குப் போவதைத் தவிர வழியில்லை. கடைசியில் பஃப் சக்கரமும் பாலிஷ் பசையும். கல்லில் மென்மையான பட்டையும் கடினமான பட்டையும் கலந்திருந்தால் பஃப் மென்மையானதை மட்டும் தின்று பள்ளமாக்கும். அங்கே கையால் தேய்ப்பதே நல்லது.

தூசிதான் இந்தத் தொழிலின் சாபம். சிலிக்கா கலந்த கல்லின் தூசி நுரையீரலைக் கெடுக்கும். செர்பென்டைன் என்ற பச்சைநிறக் கல்லின் சில வகைகளில் கல்நார் இழை இருக்கும். மலக்கைட் என்ற இன்னொரு பச்சைக் கல்லின் தூளில் தாமிரம். நீரும் முகமூடியும் இல்லாமல் இவற்றைத் தொடக் கூடாது.

என்னென்ன கற்கள்?

உள்ளூரில் கிடைப்பது ஜூனிக் கல் எனப்படும் டிராவர்டைன். தேன், பழுப்பு, வெண்ணெய் நிறங்களில் பட்டை பட்டையாக இருக்கும். டர்க்காய்ஸ் அரிசோனா, நெவாடா சுரங்கங்களிலிருந்து வந்தது. மாசற்ற வானநீலத்துக்குப் பெயர்பெற்ற ஸ்லீப்பிங் பியூட்டி சுரங்கம் 2012-இல் டர்க்காய்ஸ் எடுப்பதை நிறுத்திவிட்டதால் அந்த நிறத்துக்கு விலை ஏறிவிட்டது. செர்பென்டைன், அலபாஸ்டர் என்ற மென்மையான வெளிர்கல், ஜெட், முத்துச்சிப்பி, மான் கொம்பு எல்லாமே புழக்கத்தில் உண்டு. பவளம் மத்தியதரைக் கடலிலிருந்து வருவது.

முதுகில் கட்டியிருக்கும் அம்புமுனை, வாயிலிருந்து போகும் கோடு: இவை எதற்கு?

அம்புமுனை காவலுக்கு. அதோடு சேர்த்துக் கட்டும் டர்க்காய்ஸ், பவள மணிகள் காணிக்கை. கட்டும் நார் விலங்கின் தசைநாரிலிருந்து எடுத்தது. இப்போது பெரும்பாலும் செயற்கை இழை. வாயிலிருந்து நெஞ்சு வரை போகும் அம்புக்கோடு மூச்சின் வழி. கதையில் உயிரோடு விடப்பட்ட இதயத்துக்குப் போகும் பாதை. அது இல்லாததால் ஒன்று போலி ஆகிவிடாது.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். கல் அசலா? செதுக்கியவர் ஜூனியா? முதலாவதை வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம்.

சமையலறைத் தராசு ஒன்று வேண்டும், 1 கிராம் துல்லியமாவது காட்டுவது. முதலில் விலங்கின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பாதி நீர் நிறைந்த டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியம் ஆக்குங்கள். விலங்கை நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் நீரில் முழுக்க மூழ்கும்படி பிடியுங்கள். தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி. எடுத்துக்காட்டாக 48 கிராம் கரடி, நீரில் 18 காட்டினால் 2.67. டிராவர்டைன், டர்க்காய்ஸ், செர்பென்டைன் எல்லாம் ஏறக்குறைய 2.4 முதல் 2.8-க்குள் வரும். 2-க்குக் கீழே இறங்கினால் ரெசின் வார்ப்பு என்று சந்தேகப்படலாம். விதிவிலக்கு ஜெட்: மரம் மக்கி உருவானதால் அதன் அடர்த்தி 1.3 தான். 'ஜெட்' என்று விற்ற கறுப்புக் கரடி 2.7 காட்டினால் அது ஜெட் அல்ல, கறுப்புப் பளிங்காக இருக்கலாம். நார் கட்டியவற்றையும் அலபாஸ்டரையும் நீரில் இறக்காதீர்கள். 5 செ.மீ.க்குக் கீழ்ப்பட்ட மெல்லிய உருவங்களுக்கு 1 கிராம் தராசு போதாது, 0.1 காட்டும் நகைத் தராசு எடுங்கள்.

நீலத்தில் ஏமாற்று அதிகம். ஹவ்லைட், மேக்னசைட் என்ற வெள்ளைக் கற்களுக்குச் சாயம் ஏற்றி டர்க்காய்ஸ் என்பார்கள். அடிப்பக்கத்தில், பஞ்சில் ஒரு சொட்டு அசிட்டோன் தொட்டுத் துடையுங்கள். பஞ்சு நீலமானால் சாயம். விரிசல்களில் மட்டும் நீலம் அடர்ந்து தேங்கியிருப்பதும் சாயத்தின் அடையாளம். 'ஸ்டெபிலைஸ்டு' என்பது போலி அல்ல: மென்மையான அசல் டர்க்காய்ஸில் ரெசின் ஏற்றிக் கெட்டியாக்கியது. 'பிளாக்' (block, கட்டி) டர்க்காய்ஸ் என்பது பெரும்பாலும் நிறமேற்றிய பிளாஸ்டிக்.

இரண்டாவது கேள்விக்குத் தராசு உதவாது. ஆசியாவில் அசல் கல்லிலேயே மொத்தமாகச் செதுக்கி அனுப்புகிறார்கள். ஒரே மாதிரி பத்து ஓநாய்கள் ஒரே கோணத்தில் தலை திருப்பியிருந்தால் யோசியுங்கள். அசல் நம்பிக்கை ரசீதில் இருக்கிறது: சிற்பியின் முழுப்பெயர், அவர் எந்தப் பழங்குடி, என்ன கல் என்று விற்பவர் எழுதித் தரவேண்டும். வாயால் மட்டும் சொல்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

அடியில் கையெழுத்து இல்லையே?

பழையவற்றில் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் அது மட்டுமே சான்றாகிவிடாது. இரண்டெழுத்தைப் பொறிக்க யாராலும் முடியும்.

'ஜூனி பாணி' என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?

'பாணி' என்றாலே வேறு யாரோ செய்தது. அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டின் இந்தியக் கலை, கைவினைச் சட்டப்படி, பழங்குடியினர் செய்யாததைப் பழங்குடியினர் செய்தது என்று விற்பது குற்றம். தனிநபருக்கு முதல் குற்றத்துக்கே அதிகபட்சம் 2,50,000 டாலர் அபராதம், 5 ஆண்டு சிறை, அல்லது இரண்டும். நிறுவனத்துக்கு 10 லட்சம் டாலர் வரை. பிலிப்பைன்ஸில் செய்த நகைகளைப் பழங்குடி நகை என்று விற்றதாக 2015-இல் நியூ மெக்சிகோவில் பெரிய சோதனை நடந்தது; அதில் ஒரு வியாபாரிக்கு 2018-இல் 6 மாதச் சிறை கிடைத்தது. சட்டத்துக்குத் தப்பத்தான் 'பாணி', 'தாக்கம்' என்ற சொற்கள். இன்னொன்று: அங்கே 'இந்தியன் மேட்' என்ற முத்திரை அமெரிக்கப் பழங்குடியினரைக் குறிக்கும், நம் நாட்டை அல்ல.

இறகு, கொம்பு சேர்ந்ததை இந்தியாவுக்குக் கொண்டுவரலாமா?

கல் மட்டும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள் என்பதே எங்கள் பரிந்துரை. கழுகு இறகை விற்பது அமெரிக்காவிலேயே குற்றம். எந்த மானின் கொம்பு, என்ன பவளம் என்று சுங்கத்தில் கேட்டால் ரசீதில்லாமல் விளக்க முடியாது. தந்தம் என்றால் பேச்சே வேண்டாம்.

எப்படிப் பராமரிப்பது?

உலர்ந்த மென்துணி அல்லது மெல்லிய பிரஷ். அவ்வளவே. பூஜையறைப் பித்தளையோடு சேர்த்துப் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்த்துவிட்டுக் கெடுத்தவர்கள் உண்டு: டிராவர்டைன், சிப்பி, பவளம் மூன்றும் சுண்ணாம்பு வகை, புளிப்புப் பட்ட இடத்தில் பாலிஷ் கரைந்து வெளிறிப்போகும். பதப்படுத்தாத டர்க்காய்ஸ் எண்ணெயையும் வியர்வையையும் குடித்து நாளடைவில் பச்சையாகும். விளக்கெண்ணெய்க் கையால் தொடாதீர்கள். அலபாஸ்டர் நகம் பட்டாலே கீறும். ஜெட் வெயிலில் விரிசல் விடலாம்.

மக்காச்சோள மாவு ஊட்ட வேண்டுமா?

ஜூனியில் சடங்குக்குரியவற்றைப் பானையில் வைத்து, அதன் பக்கவாட்டுத் துளை வழியாக மாவு இடும் வழக்கம் உண்டு. சில கடைகள் அதைப் பார்த்து மாவுப் பொட்டலம் சேர்த்தனுப்புகின்றன. சிற்பத்துக்கு அது தேவையில்லை. நம் ஊர் ஈரப்பதத்தில் எறும்பும் வண்டும்தான் சாப்பிடும்.

பழைய மரச் சிலை ஒன்று 'ஜூனி போர்க்கடவுள்' என்று ஏலத்தில் வந்திருக்கிறது. வாங்கலாமா?

கூடாது. அஹாயுதா எனப்படும் அந்த இரட்டைக் கடவுளரை மான் குலத்தவரும் கரடிக் குலத்தவரும் குளிர்காலச் சடங்கில் செதுக்கி, குன்றுகளின் மேலுள்ள திறந்தவெளித் தலங்களில் வைக்கிறார்கள். மழையிலும் வெயிலிலும் இற்று மண்ணோடு சேர்வதுதான் அவற்றின் வேலை. அப்படிச் சேரும்போதே காவல் தருகின்றன. ஊருக்கே பொதுவானவை, தனி ஒருவரால் விற்க முடியாது. ஆகவே வெளியே இருப்பது ஒவ்வொன்றும் திருட்டுப் பொருள் என்பது ஜூனியின் நிலைப்பாடு. 1978-இல் அவர்களுடைய சமயத் தலைவர்கள் மீட்கும் முயற்சியைத் தொடங்கினார்கள். ஸ்மித்சோனியன் 1987-இல் திருப்பித் தந்தது. 1990-களின் தொடக்கத்துக்குள் 60-க்கும் மேல் ஊர் திரும்பின. அவற்றைத் திருடர் நுழையாத, ஆனால் கூரை திறந்த காப்பிடத்தில் வைத்திருக்கிறார்கள், தொடர்ந்து இற்றுப்போக வசதியாக. அருங்காட்சியகங்கள் ஒரு நூற்றாண்டு பாடுபட்டு நிறுத்தி வைத்த சிதைவு அங்கே மறுபடி நடக்கிறது. இத்தகைய பொருள்களை அமெரிக்காவை விட்டு ஏற்றுமதி செய்வதைத் தடுக்க 2022 டிசம்பரில் தனிச் சட்டமும் வந்துவிட்டது.

காது உடைந்துவிட்டது. ஒட்டலாமா?

துண்டு கிடைத்தால் ஒட்டலாம். மெதுவாக இறுகும் எப்பாக்சி பசை, குண்டூசி முனையளவு. சூப்பர் க்ளூ டிராவர்டைன் போன்ற நுண்துளைக் கல்லில் ஊறிக் கறை விடும். பொருத்திய பிறகு வழிந்ததை உடனே துடைத்துவிட்டு, மணலில் புதைத்து ஓர் இரவு அசையாமல் வையுங்கள். மதிப்புமிக்க சிற்பியின் வேலையானால் எதையும் தொடாமல், துண்டைக் காகிதத்தில் பொதிந்து, வாங்கிய கடைக்கு எழுதுங்கள். பல நேரம் அவர்கள் சிற்பியிடமே அனுப்பிச் சரிசெய்து தருவார்கள்.